பசியோடு அனுப்ப வேண்டிய குஞ்சுகள்

பை கட்டுகிற கன்னியம்மாவின் விரல் நுனியில், குஞ்சுகளுக்குப் போடும் முட்டைத் தீனி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இறால் குஞ்சு பொரித்து விற்கிற கடலோர ஹேட்சரி ஒன்றில் பேக்கிங்குக்கு நான் பொறுப்பு. திரும்பிய பக்கமெல்லாம் இறால் குட்டை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. குஞ்சுகளைத் தண்ணீரோடு பாலிதீன் பையில் விட்டு, மேலே ஆக்சிஜன் அடைத்து, அட்டைப் பெட்டியில் கொஞ்சம் ஐஸோடு வைத்து அனுப்புவோம். பைக்குள் தீனி மட்டும் போடவே கூடாது.

"தீனி போட்டியா?"

"கொஞ்சூண்டு சார். அவ்ளோ தூரம் போவுது. வெறும் வயித்தோடயா அனுப்புறது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கத்திவிட்டேன். "உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை வச்சுத்தான் சாப்பாட்டைச் சக்தியா மாத்துது. வயிறு நிறைஞ்சா மூச்சு அதிகமா வேணும். பையில அடைச்சிருக்கிற காத்து பட்டினிக் குஞ்சுக்குத்தான் காணும்!"

அவள் முகம் செத்துப்போயிற்று. "காலைல எம்புள்ள கண்ணாயிரம் என்னாண்ட சண்ட போட்டுகினு, துன்னாமயே மெட்ராசுக்கு வேலைக்குப் பூட்டான் சார். இதுங்களாவது துன்னுட்டுப் போவட்டும்னு..."

முதலாளி சதாசிவம் ஒரே வார்த்தையில் முடித்தார். "குஞ்சு செத்தா அந்தம்மா நாளைக்கு வர வேணாம்."

பைகளைப் பிரித்து மறுபடி கட்டலாமென்றால் ஆக்சிஜன் சிலிண்டர் காலி. செய்யூருக்குப் பெட்டிகளோடு கிளம்பிய வண்டியில் கன்னியம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். சதுரங்கப்பட்டினத்தில் மீன்காரர்களுக்கு விற்கிற ஐஸை வாங்கிப் பெட்டிகளில் அடைத்தேன். குளிர்ந்தால் உடம்புக்குள் எல்லாமே மெதுவாகும். மூச்சுத் தேவையும் குறையும். "வெறச்சிப் பூடாதா சார்?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

செய்யூர்ப் பண்ணையில் பெட்டிகளைத் திறந்தபோது குஞ்சுகள் பைகளின் அடியில் தூசி மாதிரிக் கிடந்தன. அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது, காட்டிக்கொள்ளவில்லை. பைகளைக் குட்டையில் மிதக்கவிட்டேன். உள்ளே மெல்லச் சூடு ஏறியது. ஒரு குஞ்சு துள்ளியது. பிறகு பை முழுக்கத் துள்ளல். செத்தவை எப்போதும் சாகிற அளவுதான்.

எல்லாவற்றையும் குட்டையில் விட்டபின், பண்ணைக்காரர் ஜெகதீசனிடம் தீனிச் சட்டியை வாங்கி அவளிடம் கொடுத்தேன். "இப்போ போடு. இங்க காத்துக்குப் பஞ்சமில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூவினாள். அவளிடம் கத்தியது எனக்கு உறுத்தியது.

திரும்பும்போது நானே ஒரு எஸ்.டி.டி. பூத் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவள் மகன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் போட்டோம். கண்ணாயிரம் லைனில் வந்ததும் அவள் சண்டையைப் பற்றிப் பேசவேயில்லை.

"துன்னியாடா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ரிசீவரைப் பிடித்தபடி சிரித்தாள், அழுதாள். வண்டிக்கு வந்ததும் மடியில் ஒரு டிபன் டப்பாவை வைத்துத் திறந்தாள். காலையில் மகனுக்குக் கட்டிக்கொடுத்து, அவன் தொடாமல் வைத்துவிட்டுப் போன எலுமிச்சஞ்சோறு. அவளும் அதுவரை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பாதியை மூடியில் போட்டு என் பக்கம் நீட்டினாள்.

"துன்னுங்க சார். இப்போ துன்னலாந்தான?"