புது வினையூக்கிக்குப் போட்ட கணக்கு

பார்த்திபன் சார் வடை தின்ற விரலைக் கழுவாமலே என் கணினித் திரையைத் தொட்டுக் காட்டினார். எண்ணெய் அப்பியது. எங்கள் மேனேஜரைப் பார்த்தாலே என் முகம் சுளிக்கும். அன்று கூடுதலாகச் சுளித்தது.

கும்மிடிப்பூண்டியில் கந்தக அமிலம் செய்கிற ஆலை எங்களுடையது. கந்தகத்தை எரித்தால் வரும் நச்சு வாயு, வினையூக்கி நிரப்பிய நான்கு அடுக்குகளுக்குள் புகுந்து, அமிலம் ஆக்கத் தக்க வேறு வாயுவாக மாற வேண்டும். மாறாமல் தப்பியது புகைபோக்கி வழியே ஊருக்குப் போகும். எவ்வளவு தப்பும் என்று கணக்கிட்டுச் சொல்லும் மாதிரியைக் கணினியில் கட்டியவள் நான். பெயர் பூமிகா, படிப்பு எம்.டெக்., முதுகெலும்பு கிடையாது.

எதிரே செல்லியம்மாள். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நெல் போட்டிருப்பவர். பயிர் ஏன் கருகியது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நுனி வெளுத்துக் காய்ந்த நெல் தாள்களை மேசைமேல் பரப்பியிருந்தார். சார் அவற்றை டிஷ்யூவால் ஒதுக்கித் தள்ளினார், பீயைத் தள்ளுகிற மாதிரி.

"பாரும்மா, கம்ப்யூட்டரே சொல்லுது. எங்க புகையில ஒண்ணுமே இல்ல. ஏம்மா பூமிகா, கணக்கு கரெக்ட்தானே?"

கணக்கு சரிதான், புது வினையூக்கிக்கு. "அழகா ஒரு கிராஃப் போட்டுக் குடு" என்று போன மாதம் சார் கேட்டார், போட்டேன். எதற்கென்று கேட்கவில்லை. உள்ளே கிடப்பதோ ஒன்பது வருடப் பழசு, பாதி செத்தது. புகையை அளக்கும் கருவி மூன்று மாதமாக ரிப்பேர். எல்லாம் சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கரெக்ட் சார்," என்றேன். தூ!

செல்லியம்மாள் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"பூச்சி மருந்து நான்தான் அடிச்சேன் பாப்பா. அளவு தெரியாம ஊத்திக் கருக்கிட்டேன்னு ஊட்டுக்காரரு ஒரு மாசமா ஏசிக்கினு கீறாரு. இல்லவே இல்லன்னு சாதிச்சிக்கினு இருந்தேன். அப்போ நான்தான் போல."

என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டை இழுத்து, வினையூக்கியின் வீரியத்தைப் பாதியாகக் குறைத்து மாதிரியை ஓடவிட்டேன். தப்பும் வாயுவின் கோடு வரம்பைத் தாண்டி எகிறியது.

"இதாம்மா எங்க பிளான்ட். நீங்க கருக்கல. நாங்கதான்."

"பூமிகா!" சார் கத்தினார். நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்காது.

செல்லியம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். சாரைப் பார்த்து நான் எப்படி முகம் சுளிப்பேனோ, அதே சுளிப்பு.

"தெரிஞ்சிக்கினேதான் இவ்ளோ நேரம் சும்மா குந்திக்கினு இருந்தியா?"