கேட்காமல் விற்ற கேட்சர்

கிளினிக்கிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியவர் எங்க?"

புது சோபாவில் சாய்ந்திருந்த கணவன் உற்சாகமாக எழுந்தான். "வித்துட்டேன்! பதிலுக்கு யாரு வந்திருக்கான் பாரு!"

கல்யாணமான புதிதில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இருவரும் சேர்ந்து தொடங்கிய பேஸ்பால் அணி அது. ஆடுவது கம்ப்யூட்டர், அணியை நடத்துவது இவர்கள். யாரை எங்கே நிறுத்துவது என்பது அவன் பொறுப்பு. யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவள் பாடு. பல் டாக்டரின் நாற்காலியில் நடுங்குகிறவர்களை நாள் முழுக்கச் சமாதானப்படுத்துகிறவளுக்கு அது கைவந்த கலை.

பெரியவர் என்று அவர்கள் பெயர் வைத்திருந்த கேட்சருக்கு, அதாவது பந்துவீச்சாளர் வீசுவதைப் பிடிக்கிற ஆளுக்கு, மட்டை பிடிக்க வராது. பந்து தாண்டிப் போன பிறகுதான் சுழற்றுவார். ஆனால் அவர் இருந்தால் இளம் பந்துவீச்சாளர்கள் மூவரும் சிரித்த முகமாக இருப்பார்கள். இப்போது மூன்று பெயருக்குப் பக்கத்திலும் கடுகடுத்த சிவப்பு முகம்.

"இவன் அடிக்கிற அடியைப் பாரு. லீக்லயே டாப்பு!"

"குணத்தைப் பாத்தியா? சுயநலம், முன்கோபம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? யார்கிட்ட வித்த?"

அவன் காதைச் சொறிந்தான். "உன் தம்பிகிட்ட."

இன்னும் சற்று நேரத்தில் இறுதிப்போட்டியே தம்பி அணியோடுதான். அவள் போனை எடுத்தாள்.

"டேய், வெக்கமா இல்ல? மாமாவை ஏமாத்தியிருக்கியே!"

"நான் எங்கக்கா ஏமாத்தினேன்? மாமாதான் 'கிழடு, ஓட்டிட்டுப் போ'ன்னாரு. என் பசங்க எல்லாம் ஈன்னு இளிச்சுக்கிட்டு இருக்காங்க, வந்து பாக்குறியா?"

"திருப்பிக் குடுடா."

"கோப்பையை வாங்கிட்டுத் தரேன்." வைத்துவிட்டான்.

அவள் மௌசைப் பிடுங்கி 'பொறுப்பிலிருந்து விலகு' என்ற பட்டனுக்குப் போனாள்.

"ஏய், ஒரு மேட்ச்சுக்காகவா இதெல்லாம்?"

"மேட்ச் நாசமாப் போகட்டும்! ஒரு வார்த்தை கேட்டியா என்னை? உன் அண்ணன் குடும்பத்தோட வந்து தங்கட்டும்னு சொன்ன, கேக்கலை. இந்த சோபாவை வாங்கிப் போட்ட, கேக்கலை. இது ஒண்ணாவது நம்ம ரெண்டு பேரோடதுன்னு நினைச்சேன். நான் என்ன, பக்கத்துல உக்காந்து கைதட்டுற ஆளா?"

திரையில் புதியவனின் மிரட்டல் வந்து நின்றது: மூன்றாவதாக மட்டை பிடிக்க விடாவிட்டால் முழு மனதோடு ஆட மாட்டேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது. "இவனை உக்கார வச்சிடவா? கேட்சரா யாரை இறக்குறது? அந்த மூணு பேருக்கும் யாரு ஒத்துவருவா, எனக்குத் தெரியலை. நீ சொல்லு."

அவள் மௌஸ் மேலிருந்த விரலை மெதுவாக எடுத்தாள்.

"நம்ம பெஞ்சுல இருக்கானே, அந்தக் கோமாளிப் பயலை இறக்கு. பந்தைக் கோட்டைவிட்டாலும் பசங்களைச் சிரிக்க வைப்பான்."

இறக்கினான். ஒரு சிவப்பு முகம் மஞ்சளானது. பெஞ்சுக்குப் போன புதியவன் முகம் கன்றிச் சிவந்தது.

"முறைக்கிறான்," என்றான் கணவன்.

"முறைக்கட்டும். நானும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தள்ளி உக்காரு, ஆட்டத்தைப் பாக்கணும்."