ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ரத்தம் எடுக்கும் பெண் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியபோது, தங்கை இன்னும் கனவிலிருந்து முழுதாக இறங்கி வந்திருக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கண்ணுக்குள் ஒரு பெரிய அரங்கம், கூரையிலிருந்து தொங்கும் நீலத் திரை, திரைக்குப் பின்னால் யாரோ நிதானமாகச் சுவரைச் சுரண்டும் சத்தம். இருட்டு பிரியுமுன் வெறும் வயிற்றோடு கிளம்பினால் கனவும் கூடவே வண்டியேறி வந்துவிடுகிறது.

"எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான் கூட இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் சொன்னது அக்கா. தங்கையைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கா பதில் சொல்வது ஐம்பது வருடப் பழக்கம். ஊசி மட்டும்தான் தங்கைக்கு.

அக்கா பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கைக்குத் திரைச்சீலை வேலை. அலுவலகங்களுக்கும் கூடங்களுக்கும் துணி வெட்டித் தைத்து, ஏணியில் ஏறித் தன் கையாலேயே மாட்டிக் கொடுப்பாள். இருவருக்கும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வாழ்க்கை இருந்து, முடிந்து, இப்போது ஒரே வீடு. தங்கை அக்காவைவிட ஒரு தலை உயரம். அதைப் பற்றிக் கவலைப்படாமல் அக்கா அவளைப் 'பொடிசு' என்றே கூப்பிடுவாள், வாடிக்கையாளர் முன்னால்கூட.

ஏணியிலிருந்து ஒரு நாளும் விழாத தங்கை, போன வருடம் சமையலறையின் சமமான தரையில் விழுந்தாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை. கையை ஊன்றினாள், மணிக்கட்டு பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு மெலிந்து போயிருக்கிறது என்றார். டாக்டர் இளம்வயதுப் பெண்தான், ஆனால் அவசரப்படாமல் பேசுவார். "எலும்பு சும்மா கெடக்குற கல்லு இல்லம்மா. தினமும் ஒரு பக்கம் இடிச்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் கட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு இடிக்கிற வேலைதான் ஜாஸ்தியா நடக்குது. இடிக்கிறப்ப விழுற துகள் ரத்தத்துல வரும். அதை அளந்து பாத்தா மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு சில மாசத்துல தெரிஞ்சிடும். ஸ்கேன்ல தெரியணும்னா வருஷக்கணக்கு ஆகும்." இடிக்கும் வேலை இரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்தில் இருக்குமாம். அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில் சோதனை.

அந்தப் பேச்சுதான் தங்கையின் தூக்கத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. அன்று முதல் விடியற்காலைக் கனவுகளில் ஆட்கள் வந்தார்கள். தலையில் துண்டு கட்டிய, பேச்சில்லாத ஆட்கள். அவள் தொடைக்குள்ளும் முதுகுக்குள்ளும் சின்ன விளக்குகளை ஏற்றி வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டினார்கள். அவளுக்கு அவர்கள்மேல் கோபம்கூட வரவில்லை. வேலை தெரிந்த ஆட்கள், பார்த்தாலே தெரிந்தது. மெத்தை முழுக்க வெள்ளைத் தூசி படிந்திருக்கும் என்று நினைத்து, விழித்ததும் விரிப்பைத் தடவிப் பார்ப்பாள்.

கவலை வேறு இடத்தில் இருந்தது. நகரத்துப் புது அரங்கத்தின் மேடைத் திரை அவள் கடைக்கு வந்திருந்தது. வாழ்நாளில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. தைக்கக் கடையில் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் மடிப்பு மேலிருந்து தரைவரை தடுமாறாமல் விழவேண்டுமென்றால், உச்சியில் நின்று விரலால் ஒவ்வொன்றாக இறக்கிவிட வேண்டும். அந்த விரல் அவளுடையது. டாக்டரிடம் கேட்டாள். "ரத்தத்துல அந்த நம்பர் நல்லா இறங்கட்டும், அப்புறம் ஏணியப் பத்திப் பேசலாம்," என்றார். அங்கே நடக்கவிருந்த முதல் நாடகத்தின் நாள் தள்ளிப் போயிருந்ததால் அரங்கத்துக்காரர்களும் காத்திருக்கச் சம்மதித்தார்கள். அன்றிலிருந்து தங்கைக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பர்தான்.

முடிவைக் கேட்கப் போன அன்று, டாக்டர் தாளைப் பார்த்தார், பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், மறுபடி பார்த்தார்.

"அப்படியே இருக்கும்மா. ஒரு பொட்டுகூட இறங்கல. மாத்திரை வாராவாரம் சாப்பிடுறீங்கதானே?"

"ஒரு வாரம்கூட விட்டதில்ல டாக்டர்."

டாக்டர் நம்பவில்லை என்பது அவருடைய மரியாதையிலேயே தெரிந்தது. "பரவால்ல, மறந்திருந்தா சொல்லலாம். நெறைய பேர் மறக்குறாங்க."

தங்கைக்கு அழுகை முட்டியது. "ஞாயித்துக்கிழமை கண்ணு முழிச்சதும் மொத வேலை அதான். அக்காதான் தருவா. எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும், முழுசா எறங்காது. அவ பொடிச்சுப் பால்ல கலக்கித் தருவா. ஒரு சொட்டு விடாம குடிச்சிடுவேன்."

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"பால்லயா?"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொள்ளும் அக்கா, இந்தக் கேள்வியை மட்டும் தங்கைக்கே விட்டுக்கொடுத்திருந்தாள்.

பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவே விடாது என்றார் டாக்டர். பொடிக்கவும் கூடாது, தொண்டை புண்ணாகும். முழு மாத்திரை, ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீர், அப்புறம் அரைமணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். "விழுங்கவே முடியலன்னா ஊசி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாப்போம்."

"விழுங்கிப் பாக்குறேன்," என்றாள் தங்கை.

பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். தங்கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. கையில் கட்டு பிரிக்கும் அறையில் அவள் இருந்தபோது, மருந்துக்கடைக்குத் தனியாகப் போய் மாத்திரை வாங்கி வந்தது அக்காதான். மருந்து கொடுப்பவர்கள் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லாமல் கொடுக்க மாட்டார்கள். அக்காவோ எதையும் காதில் வாங்காமல் வரும் ஆள் இல்லை. விடுதியில் எந்தப் பெண்ணுக்கு எந்த மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். குமட்டும் பிள்ளைகளுக்கெல்லாம் பொடித்துப் பாலில் போட்டுக் கொடுத்தே பழகிய கை அது.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை கேட்டாள்.

"அக்கா, தண்ணியிலதான் தரணும்னு உங்கிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

மறைக்கத் தெரிந்தவளாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தங்கைக்குத் தோன்றியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"வெறும் தண்ணியில குடுத்தா நீ வாந்தி எடுப்ப. அதுக்குத்தான் பால். பாலும் எலும்புக்கு நல்லதுதானே, ரெண்டும் சேந்தா இன்னும் நல்லதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்." முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். "ஆனா டாக்டர் ஏணி வேணாம்னு சொன்ன அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடி பொடிசு. இத்தன வருஷமா நீ வேலைக்குப் போற ஒவ்வொரு நாளும் போன் அடிச்சா எனக்குக் கை நடுங்கும். அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அந்தச் சந்தோஷமும் பால்ல கலந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல."

தங்கைக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இத்தனை ஞாயிறுகள், இத்தனை தம்ளர் பால், அத்தனையும் ஓடையில் கொட்டியதற்குச் சமம். இடிக்கும் ஆட்கள் ஒரு நாள் லீவுகூட எடுக்காமல் இடித்திருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தபோது, "நான் ஏறுவேன்க்கா. நம்பர் இறங்கட்டும், ஏறத்தான் போறேன்," என்பது மட்டும்தான் வந்தது. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் ஆறவில்லை. அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் உப்பு எடு, கதவைப் பூட்டு என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு விடியலில் தங்கை விழித்தபோது கனவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர், சின்னத் தட்டில் முழு மாத்திரை. அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். தங்கை மாத்திரையை நாக்கில் வைத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்தது. மாத்திரை திரும்பக் கைக்கு வந்துவிட்டது, ஓரம் கரைந்து போய். அக்கா அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை உடைத்து நீட்டினாள்.

"தலையைக் குனிஞ்சுக்கோ. அண்ணாந்தாத்தான் அடைக்கும்," என்றாள். விடுதியில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.

தங்கை குனிந்தாள். மாத்திரை எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, சாய்மானம் இல்லாத ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாயும் நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயம். வெளியே தெரு சாம்பல் நிறத்தில் இருந்தது. எங்கோ ஒரு வண்டி கிளம்பும் சத்தம். சுவர்க் கடிகாரத்தின் கீழே அக்காவும் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே தங்கைக்குக் கண் சொருகியது. ஆட்கள் வந்தார்கள். தொடைக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒருவன் உளியை எடுத்தான், சுவரைப் பார்த்தான், என்னவோ யோசித்து அதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் திரை மெல்ல அசைந்தது. அவள் அதை நோக்கிச் சரிந்தாள்.

முதுகில் ஒரு கை பட்டது. அக்கா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தி, சரிந்தவளை நிமிர்த்தினாள்.

"தூங்கிடாதடி. இன்னும் நேரம் இருக்கு."

"ம்."

அக்கா கையை எடுக்கவில்லை. கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் தாங்கித்தான் இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் ஏற ஏற, உயரமான தங்கை நேராக உட்கார்ந்திருக்க, குள்ளமான அக்கா ஒரு கையை நீட்டியபடி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.