மரத்துப்போகும் வரை பத்து நிமிடம்

டாக்டர் ஷீலாவுக்கென்று தனியாக ஒரு கிளினிக் கிடையாது. மயக்க மருந்து கொடுப்பதுதான் அவள் வேலை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எந்தப் பல் டாக்டர் கூப்பிட்டாலும், மருந்துப் பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் அவள் ஊசி போட்டதும் அடங்கிப்போவார்கள். வீட்டுக்குப் போனபின் அவர்களுக்கு அவள் முகம்கூட நினைவிருக்காது. அந்த மருந்தின் குணம் அப்படி.

2006 ஆகஸ்டில் கேம்ப் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஹேமநாத் போன் செய்தார். சிட்லபாக்கத்தில் காந்திமதி என்று ஓர் அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து பற்களை எடுத்தாக வேண்டும், மூன்று சிட்டிங் ஆகும். சின்ன வயதில் பள்ளிக்கூட முகாமில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கியதிலிருந்து அவருக்குப் பல் டாக்டர் என்றாலே உதறல். மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தவர் செருப்புகூடப் போடாமல் இறங்கித் தெருவுக்கே போய்விட்டார். மூக்கு வழியாக வாயு கொடுக்கும் கருவி தன்னிடம் இல்லை, நரம்பில் ஊசிதான் வழி என்றார் ஹேமநாத்.

முதல் சிட்டிங்கில் மருந்து ஏறியதும் காந்திமதி ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ‘நீங்க, டாக்டர்’ என்று பேசியவர் சட்டென்று ‘நீ’ என்று அழைக்க ஆரம்பித்தார். ஈறில் ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போகும்வரை ஹேமநாத் அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். அறையில் இவர்கள் இருவர் மட்டும். கல்யாணம் ஆகிவிட்டதா என்று காந்திமதி கேட்டார். ஆகிவிட்டது, அவர் மஸ்கட்டில் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு வருவார் என்றாள் ஷீலா. சர்ச்சிலும் மாடம்பாக்கம் அடுக்குமாடி வீட்டிலும் சொந்த அண்ணனிடமும் இரண்டு வருஷமாகச் சொல்லிவரும் அதே பதில்.

பத்து நாள் கழித்து இரண்டாவது சிட்டிங். காந்திமதி அவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். மருந்து ஏறி, ஹேமநாத் ஈறில் ஊசி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனதும் அதே கை, அதே ‘நீ’.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

ஷீலா கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. காந்திமதியின் விரலில் மாட்டிய பல்ஸ் பார்க்கும் கருவி சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எழுந்ததும் இந்த அம்மாவுக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லை.

“ஆச்சும்மா. ஆனா அவர் வரமாட்டார். அங்கேயே வேற குடும்பம் ஆயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல.”

காந்திமதி கண்ணைப் பாதி மூடியபடி யோசித்தார். நாக்கு தடித்திருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன.

“எல்லாரையும் தூங்க வைக்கிறியே, நீ தூங்கறியா?”

ஷீலாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஹேமநாத்தின் காலடிச் சத்தம் கேட்டதும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்ஸைக் குறித்தாள்.

செய்தது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லவோ எழுந்து போகவோ முடியாத ஒருத்தரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அடுத்த சிட்டிங் எப்போது வரும் என்று காத்திருந்தாள். சமைக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் காந்திமதியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே இருந்தாள். அப்படி யாருக்காகவும் அவள் காத்திருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மூன்றாவது சிட்டிங்குக்கு அவளுக்கு அழைப்பு வரவில்லை. வேறு ஒரு நோயாளிக்காகக் கேம்ப் ரோட்டுக்குப் போனபோது, வரவேற்பறையில் காந்திமதி உட்கார்ந்திருந்தார். பயம் பாதி போய்விட்டது, இந்த முறை மாத்திரை மட்டும் போதும் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். ஊசி போட்ட டாக்டர் இவர்தான் என்று வரவேற்பு மேஜையில் இருந்த பெண் சொன்னதும் கை கூப்பினார். ஷீலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காந்திமதியே பேச்சை எடுத்தார். “எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க டாக்டர். ஒரு கனவு மட்டும்தான். யாரோ ஒரு பொண்ணு, புருஷன் வரமாட்டான்னு சொல்லி அழறா. நான் பதில் எதுவும் சொல்லாம வந்துட்டேனேன்னு மனசு உறுத்துது.”

“சொன்னீங்கம்மா” என்றாள் ஷீலா. யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

காந்திமதி அவளையே பார்த்தார். கனவில் வந்த பெண் இவள்தான் என்று புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமானது. ஷீலா அவர் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள். அதற்குள் அந்த முகத்தில் வேறொரு கலக்கம் வந்துவிட்டது.

“அப்போ நானும் ஏதாவது உளறினேனா? எங்க வீட்டைப் பத்தி, மருமகளைப் பத்தி?”

இல்லை, உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றாள் ஷீலா. அது உண்மை. நிஜமாகவா என்று காந்திமதி இன்னொரு முறை கேட்டார், பிறகு மறுபடியும். கைப்பையை எடுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மருமகள் உள்ளே வந்ததும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிடும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நோயாளி காலேஜ் படிக்கும் பையன். மருந்து ஏறியதும் எந்த ஊர், என்ன பெயர் என்று அவனும் கேட்டான். பெயரை மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது மேல்வீட்டுச் சரசு அக்கா, “சார் கிறிஸ்துமஸுக்கு வராரில்ல?” என்று கேட்டார்.

“இல்லக்கா. இனிமே வரமாட்டார். அங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார்.”

சரசு கையிலிருந்த புடவையோடு அப்படியே நின்றார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி, மீதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். மாலைக்குள் நான்கு வீட்டுக்கும் தெரிந்துவிடும். ஷீலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். சேலையூர்ப் பக்கத்திலிருந்து மழைக்காற்று வர ஆரம்பித்திருந்தது. இனி யாருக்கும் எந்தப் பதிலையும் தயாராக வைத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அண்ணனுக்குப் போன் செய்யக் கீழே இறங்கினாள்.