மூன்று பேருக்கு ஓர் ஊர்

கடலோரமாக ஓர் ஊர் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து மாதம் பார்த்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இத்தனை பஸ் ஏறியதில்லை. வடிவை ஒரே ஒரு தடவை பார்த்தேன், பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். இந்த ஊர் பார்க்கிற வேலையில் மட்டும் எவனும் என்னை நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடவில்லை.

எல்லாம் என் மகள் சுகாசினியால் வந்தது. பதிமூன்று வயது. காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழனிக் கிணற்றில் குதித்துக் குதித்தே நீச்சல் பழகியவள். இரண்டு வருடத்துக்கு முன் மாவட்டப் போட்டியில் அவள் நீந்தியதைப் பார்த்த குமாரவேல் என்கிற கோச், நேராக எங்களிடம் வந்து, "இந்தப் பொண்ண எங்கிட்ட உடுங்க" என்று கேட்டு, சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பாய்மரப் படகில் ஏற்றிவிட்டார். காஞ்சிபுரத்துக்காரிக்குப் படகு! சனி ஞாயிறு ஆனால் வடிவு அவளை அழைத்துக்கொண்டு முதல் பஸ் பிடிப்பாள். பொழுது சாயத் திரும்புவார்கள். நான் ஒரு நாளும் கூடப் போனதில்லை. எனக்கு சனி, ஞாயிறு என்று தனியாகக் கிடையாது, எல்லாம் வேலை நாள்தான். வடிவு செல்போனில் எடுத்துவரும் படத்தைப் பார்த்து, "நல்லா போவுதே" என்பேன்.

ஜனவரியில் குமாரவேல் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சனி ஞாயிறு வந்து போறதெல்லாம் இனிமே பத்தாதுங்க. தெனமும் தண்ணியில இருக்கணும். ஜூன் பத்தாம் தேதிக்குள்ள கடல் பக்கமா குடி வந்துடுங்க. வந்தா டீம்ல இருப்பா. வரலன்னா அந்த எடத்த வேற பசங்களுக்குக் குடுத்துடணும், என் கையில இல்ல."

கையில் இல்லையாம். அப்புறம் யார் கையில் இருக்கிறது? கேட்கத்தான் நினைத்தேன், வடிவு முறைத்தாள். அவர்களுடைய படகுகள் நிற்கிற இடங்கள் என்று மூன்று ஊர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மணல்மேட்டுக்குப்பம், புதுத்துறை, கழிப்பாக்கம். மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். போனால் மூன்று பேரும் போவோம். என் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒரு தடவை ஸ்வீட் பொட்டலத்தோடு வருவார். இரண்டாவது நாள்தான் அவரிடம் எனக்குப் பேச்சே வரும், மூன்றாவது நாள் கிளம்பிவிடுவார். அப்படி ஓர் அப்பனாக நான் இருக்கமாட்டேன். என் தொழிலை விட்டுவிட்டு அங்கே மூட்டை தூக்கினாலும் பரவாயில்லை. ஆகவே எனக்கு வேண்டியது குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர். நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், நல்ல தண்ணீர், ஓர் ஆஸ்பத்திரி. இது பெரிய ஆசையா?

முதலில், பிப்ரவரியில், போனது மணல்மேட்டுக்குப்பம். காலை வேலையை முடித்துவிட்டுக் கிளம்பி, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. செல்லியம்மாள் என்கிற வயதான அம்மாள் தன் வீட்டு மாடியைக் காட்டினாள். மூன்று பேர் தாராளமாக இருக்கலாம், பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளி. வேறு எதுவும் கேட்கவில்லை, "பொண்ணு நல்லா நீஞ்சுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் காற்று! கதவைத் திறந்தால் அதுவாக அறைகிறது. குடித்த டீயில் மணல். கொடியில் கிடந்த அவளுடைய புடவை என் முகத்தில் வந்து சுற்றிக்கொண்டது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

என் தொழில் பாவு நீட்டுவது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பட்டு நூலை ஆயிரக்கணக்கான இழையாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, இழையோடு இழை ஒட்டாமல் ஆற்றி, சுருட்டித் தறிக்கு அனுப்பவேண்டும். இந்த வேலைக்குக் காற்றுதான் எமன். ஒரு வீச்சு வீசினால் ஈர இழைகளெல்லாம் பின்னிக்கொண்டு மொத்தப் பாவும் குட்டிச்சுவர். அதனால்தான் இருட்டு பிரியும்போதே ஆரம்பித்து, வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் சுருட்டிவிடுவோம். இருபத்தெட்டு வருடமாக நான் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் புயல் என்றால் மற்றவர்கள் வீட்டைப் பற்றிக் கவலைப்படுவார்கள், நான் பாவைப் பற்றிக் கவலைப்படுவேன்.

"இன்னாமா இது, ஊரா இது? பேய் ஊதற எடத்துல மனுசன் குடியிருப்பானா?" என்று கேட்டுவிட்டேன்.

செல்லியம்மாள் புடவையை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "நாங்க இருக்கறோமேப்பா" என்றாள். நான் படி இறங்கிவிட்டேன்.

அடுத்தது புதுத்துறை. அந்தக் கதையைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும். தெரு அழகு, வீடு அழகு. வீட்டுக்காரர் காபி கொடுத்தார். ஐயம்பேட்டையில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். யாருக்கு உறவு, எந்தக் கோயில் என்று சுற்றிச் சுற்றி வந்தார். அதையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, மருமகன் குடும்பத்துக்கு வீடு தேவைப்படுகிறது என்றார். நான் உள்ளே நுழையும்போது அந்த மருமகன் எங்கே போயிருந்தான்? அந்தத் தெருவிலேயே இன்னும் மூன்று வீடு கேட்டேன். மூன்றிலும் ஒரு மருமகன் இருந்தான். குடும்பத்தோடு இருக்க நல்ல ஊர்தான், எந்தக் குடும்பம் என்பதுதான் கேள்வி.

இப்படியே ஏப்ரல் ஓடிவிட்டது. சுகாசினி காலண்டரில் ஜூன் பத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். சாப்பிடும்போது அதையே பார்ப்பாள். "பாத்துக்கினுதானே இருக்கறேன், அவசரப்பட்டா ஆவுமா?" என்று கத்துவேன். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மே மாதம் கழிப்பாக்கம் போனேன். போனதுமே எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, நடுவே உப்பங்கழி. தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. வீட்டுக்காரர் மொஹசின் பாய். எந்தத் தெரு என்று கேட்கவில்லை, எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. "கொழந்த படிக்குதா? ஸ்கூல் பக்கம்தான்" என்றார். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சர்பத் கொடுத்தனுப்பினார். பின்வாசல் திறந்தால் படகுத்துறை. அங்கே குட்டிக் குட்டிப் படகுகள் வரிசையாக நின்றன. வாசலில் நின்று பார்த்தேன். ஓர் இலை அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு நிம்மதி. அங்கேயே முன்பணம் கொடுத்தேன். வடிவுக்கு போன் போட்டு, "உனக்கும் உன் பொண்ணுக்கும் ராஜா மாதிரி ஊர் பாத்துட்டன்டீ" என்றேன்.

மே மாதக் கடைசி நாள், மூன்று பேரும் வீடு பார்க்கப் போனோம். வடிவு சமையலறையைப் பார்த்து, "மேடை ஒசரமா இருக்குது, நல்லாருக்குது" என்றாள். சுகாசினி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். நானும் பெருமையோடு பின்னால் போனேன்.

அவள் துறையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். சவுக்கு மரத்தின் உச்சியைப் பார்த்தாள். படகுகளில் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து துடுப்பால் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

"அப்பா, இங்க காத்தே இல்லியேப்பா."

"ஆமாம்மா!" என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "அதுக்குத்தானே இந்த ஊரப் புடிச்சேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. பாய்மரத்துக்குக் காற்று வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே பாவு நீட்ட ஓர் ஊரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விடமுடியுமா? குமாரவேலுக்கு போன் போட்டேன். நீங்கள்தானே இந்த ஊரையும் எழுதினீர்கள் என்று எகிறினேன்.

"அது தண்ணி பயம் போறதுக்குச் சின்னப் பசங்கள உடற எடங்க. தம்பி, தங்கச்சி இருந்தா ஆவும்னு எழுதினேன். பேருக்குப் பக்கத்துலயே அதப் போட்டிருக்கறனே" என்றார்.

தாளை எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தார். நான் ஊர்ப் பெயருக்குமேல் எதையும் படிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சுகாசினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "முதல்ல போனியே அந்தக் குப்பம், அங்க காத்து இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். "எவ்ளோ?" என்றாள். கதவு அறைந்ததையும் புடவை பறந்ததையும் சொன்னேன். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"நீ எனக்கு ஊர் பாக்கலப்பா. உனக்குப் பாத்துக்கினு இருந்த."

நான் திட்டப்போய், துணைக்கு வடிவைப் பார்த்தேன். வடிவு என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாளே மணல்மேட்டுக்குப்பம் போனேன். செல்லியம்மாள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "பேய் ஊதற எடத்துக்குத் திரும்ப வந்துட்டியேப்பா" என்றாள். சிரிக்கவில்லை. மாடியை மார்ச் மாதமே ஒரு டீச்சர் குடும்பத்துக்கு விட்டுவிட்டாளாம்.

"கீழ ஒரு ரூம் இருக்குது. ஆனா புள்ளைங்க ரெண்டு பேரும் துபாய்ல இருக்கறானுங்க. மருமவளுங்க ரெண்டு பேரும் பக்கத்து ரூம்லதான் படுக்குறாளுங்க. பொம்பளைங்கன்னா குடுப்பேன். ஆம்பள தங்கறது தோதுப்படாதுப்பா."

கெஞ்சினேன். நான் வாசலில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அது இன்னும் மோசம் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், அதனால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. குப்பம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒன்று பூட்டிக் கிடந்தது, ஒன்றுக்குக் கூரை இல்லை. பக்கத்து ஊரில் கேட்டேன், புதிதாக வந்த கம்பெனிக்காரர்கள் எல்லா வீட்டையும் எடுத்துவிட்டார்கள். நாலு நாள் அலைந்தேன். பிப்ரவரியில் வாயை மூடிக்கொண்டு முன்பணம் கொடுத்திருந்தால் அந்த மாடி என் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும். இதை யார்மேல் கத்துவது? எல்லாரையும் யோசித்துப் பார்த்தேன். என்னைத் தவிர ஆள் அகப்படவில்லை.

ஐந்தாவது நாள் செல்லியம்மாள் வீட்டுக்குப் போய், "ரெண்டு பேரு வருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி சின்ன யானை வண்டியில் சாமான் ஏற்றினோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று வடிவு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்று தட்டில் இரண்டை எடுத்துக்கொண்டாள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என் தட்டைக் கழுவித் துடைத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். "ஞாயித்துக்கெழம வந்துடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பாவு இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். "பாக்கறேன்" என்றேன்.

அறையில் சாமானை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். குமாரவேல் அங்கே இருந்தார். ஒரு நாள் முன்னாலேயே வந்ததில் அவருக்குச் சந்தோஷம். சுகாசினியை உடனே படகில் ஏற்றினார். என் மகள் படகு ஓட்டுவதை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. காற்று அடித்த அடியில் என் வேட்டி நிற்கவில்லை. அவள் பாயை இழுத்துக் கட்டி, படகுக்கு வெளியே மல்லாக்கச் சாய்ந்து, முதுகு தண்ணீரில் படப் பட அப்படியே பறந்துபோனாள். ஒரு தடவை படகு கவிழ்ந்தது. நான் ஓடினேன். முழங்காலளவு தண்ணீருக்கு நான் போவதற்குள் அவளே நிமிர்த்தி ஏறிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கரைக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. தலைமுடியெல்லாம் உப்பு. பஸ்ஸில் அழுததற்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியாப்பா? நாளைக்கு அந்தச் செவப்பு மெதவை தெரியுது பாரு, அது வரைக்கும் போயிட்டு வருவேன். நீ இங்கயே நின்னு பாரு, இன்னா?"

"நிக்கறேம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. அவள் கயிற்றைப் பார்ப்பதுபோல் படகுக்குள் குனிந்துகொண்டாள். எனக்கு ஐந்தேகாலுக்கு பஸ்.