கண்ணாடிக்கு விழுந்த பச்சைப் பொட்டுகள்

பழைய பேருந்து நிலையத்தையும் அதை ஒட்டிய கடைத்தெருவையும் இடித்துப் புதிதாக அமைக்க முழுத் திட்டம் போட்டுத் தரும் வேலை ஆர்க்கிடெக்டான அவள் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்தது. வந்த கையோடு தலைமை ஆர்க்கிடெக்ட் ஒரு படம் வரைந்து வைத்துவிட்டார். ஐந்து மாடி, முழுக்கக் கண்ணாடி, நடுவில் நகரும் படிக்கட்டு. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

அவளுக்குக் கண்ணாடிக் கட்டிடம் என்றாலே ஆகாது. கடை வைத்திருப்பவர்களையும் பேருந்து ஏறுபவர்களையும் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்று பெரியவரோடு மல்லுக்கு நின்றாள்.

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? டாக்டர் நோயாளியக் கேட்டா மருந்து எழுதறார்?"

"எங்க வலிக்குதுன்னாவது கேப்பார் சார்."

பெரியவர் வேண்டாவெறுப்பாக இறங்கி வந்தார். மக்கள் கூட்டத்தில் இரண்டு படங்கள் வைப்பது என்று முடிவாயிற்று. இரண்டாவது படத்தை அவள் தூக்கம் கெட்டு வரைந்தாள். தாழ்வான கூரை, நடுவில் திறந்த முற்றம், மர நிழல், நாலாபக்கமும் காற்று.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம். பெரிய உடம்புகள் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தன. அவள் கண்ணாடிப் படத்தைக் கடமைக்கு விளக்கினாள். முற்றத்தைப் பற்றிப் பேசும்போது குரலே குழைந்தது. பிறகு பிடித்த படத்தில் ஒட்டச் சொல்லி ஆளுக்கொரு பச்சைப் பொட்டு கொடுத்தாள்.

சற்று நேரத்தில் கண்ணாடிக் கட்டிடத்துக்கு அம்மை போட்டது போல ஆகிவிட்டது. முற்றத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில், கைதவறி ஒட்டிக்கொண்டது போல.

"காத்து நல்லா வரும்க்கா," என்றாள் அவள், முன்வரிசையிலிருந்த தையல்கார அக்காவிடம். குரலில் கெஞ்சல் எட்டிப் பார்த்தது.

"காத்துதான் இப்பவே வருதேம்மா. தச்ச துணி மேலயெல்லாம் தூசியக் கொண்டுவந்து கொட்டிட்டுப் போகுது. நாங்களும் ஒரு தடவ ஏசில உக்காந்து பாக்கறோமே."

வகுப்பறை முழுக்கச் சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு, "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவன் குழாயை மூடினான்.

"இதைச் சொன்னாருன்னுதானே உங்க பெரியவர இத்தன நாளா வறுத்து எடுத்த?"

அன்றைக்கு அவன் கழுவிய பாத்திரங்களில் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

பெரியவரோ ஒரே இரவில் ஆள் மாறிப்போனார். "மக்கள் தீர்ப்ப மதிக்கணும்மா," என்று அவளுக்கே பாடம் நடத்தினார். கல்லூரி கல்லூரியாகப் போய், மக்களைக் கேட்டுத் திட்டம் போடுவது எப்படி என்று உரையாற்றத் தொடங்கினார். அடுத்த கூட்டத்துக்கு வர அவருக்கு நேரமில்லை.

அவள்தான் நடத்தினாள். இந்த முறை யாருக்கும் எதையும் விற்கக் கூடாது என்ற முடிவோடு போய், வாயை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்கத் தலை சுற்றியது. எல்லோருக்கும் முன்பக்கக் கடைதான் வேண்டும். தையல்கார அக்காவுக்கு எங்கே கடை கொடுத்தாலும் சரி, தன் ஓரகத்தியின் கடை மட்டும் எதிரில் இருக்கக் கூடாது. ஓரகத்தியும் அதையே கேட்டாள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கழிவறைக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல என்று ஒரு பேருந்து நடத்துநர் எழுந்து சொன்னபோது எல்லாப் பெண்களும் கை தட்டினார்கள்.

கடைசியில் செருப்புக் கடைக்காரர் கேட்டார்: "எல்லாம் சரி, கடை போர்டு எங்க மாட்டறது?"

அந்தக் கேள்விக்கு விவாதமே நடக்கவில்லை. ஆளுக்கொரு போர்டு, தெருவைப் பார்த்து, தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு. மாடிக் கடைகளுக்கும் உண்டு. ஒரு கைகூட எதிராக எழவில்லை.

அவள் ஒன்று விடாமல் படத்தில் ஏற்றினாள். ஏற்றும்போது உள்ளுக்குள் ஒரு குறும்பு சந்தோஷம் இருந்ததை மறுக்க முடியாது. பெரியவர் ஊர் ஊராகப் பேசிவிட்டுத் திரும்பிய காலையில் படத்தை மேஜையில் விரித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணாடிச் சுவர் எங்கம்மா?"

"போர்டுக்குப் பின்னாடி இருக்கு சார்."

"யாரக் கேட்டு இதை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

இந்தக் கணத்துக்காக அவள் எத்தனையோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போர்டெல்லாம் ஒரே உயரத்துல இருக்கணும்னு மட்டும் கேட்டுப் பாக்கலாம் சார்."

"ஒத்துக்குவாங்களா?"

"மாட்டாங்க," என்றாள் அவள்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார்.