கவிழ்த்து வைத்த கூடை

கால் முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடந்த அஷ்ரஃபுன்னிசாவுக்கு ராயப்பனைத் திட்டுவதுதான் வேலை. பூந்தமல்லி சந்தையில் அவள் கீரைக்கடைக்குப் பக்கத்தில் வெங்காயம் விற்பவன் அவன். இந்நேரம் தன் இடத்தையும் வளைத்துப் போட்டிருப்பான் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். மருத்துவர் கொடுத்த ஊன்றுகோலை அவள் தொடவே இல்லை. "நடந்து எங்க போறது?" என்று எரிந்து விழுவாள்.

அன்று ஓவியம் வரைகிற ஃபெபி பார்க்க வந்தாள். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்த சந்தைப் படம் அவள் கையில் இருந்தது.

"நடுவுல ஓட்டை மாதிரி இருக்குக்கா. ஒரு ஆள வரைஞ்சு அடைச்சிடலாமான்னு பார்த்தேன். ஆனா அங்க யாருமே உக்காரல."

அஷ்ரஃபுன்னிசா படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முட்டி மோதும் கூட்டத்துக்கு நடுவே அவளுடைய கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு செங்கல். பக்கத்தில் ராயப்பன் மூட்டைகளைத் தலை உயரத்துக்கு அடுக்கிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வெங்காயம்கூடக் கூடைப் பக்கம் உருளவில்லை.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"நான் வரைய ஆரம்பிச்சதுல இருந்தே. அந்த அண்ணன் யாரையும் உக்கார உடல."

அவள் படத்தை மடியில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"அந்தக் கோல எடு" என்றாள். "இன்னாத்துக்கு இப்டி குறுகிக்கினு உக்காந்துகீறான் அந்தாளு? நான் போய்க் கால நீட்டி உக்காரச் சொல்லணும்."